இன்னிக்கு பன்னெண்டு மணிக்குக் கூழு

எனக்குக் கார்பெட் கழுவும் வீடியோ பார்க்கும் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கார்பெட் கிடையாது. இருப்பது இரண்டு கோரைப்பாயும் ஒரு பிளாஸ்டிக் பாயும்தான். அந்த வீடியோவை நானாகத் தேடிப் போகவும் இல்லை. புதிதாக வந்த ஆப் ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிய முதல் நாள், குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்தில், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் சேறு அப்பிய கார்பெட் ஒன்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் என்ன நிறம் இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டேன். (சிவப்பு.) நான் செய்த பாவம் அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஆப் என்னைக் கார்பெட் கம்பெனி முதலாளி என்று முடிவு செய்துவிட்டது.

நான் அதில் சேர்ந்தது என் சொந்தக்காரர்களையும் தோழிகளையும் பார்ப்பதற்காக. அவர்களை மட்டும் அது காட்டவே காட்டாது. என் தங்கை மகளுக்குக் காது குத்திய படம், காதுப் புண் ஆறி, அவள் கம்மலையும் தொலைத்த பிறகுதான் எனக்கு வந்தது. நானும் விவரம் தெரியாமல் 'அழாம குத்திக்கிட்டியாடா தங்கம்' என்று எழுதினேன். தங்கை போன் பண்ணி, அக்கா உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டாள்.

இப்படியொரு ஆப்பை நம்பித்தான், அத்தனையும் தெரிந்தும், எங்கள் தெரு அம்மன் கோயில் கூழை அதன் கையில் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் மூன்று அண்டா கூழை ஊற்றிக்கொண்டேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அது எப்படிப் போனது என்று சொல்கிறேன். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி, சென்னையின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நூம்பலுக்கு வந்தேன். கணவர் பாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர். நானும் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் ஒரே ஆள் நான்தான். அதனால் பட்டனோ திரையோ உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. (டிவி ரிமோட் விஷயத்தில் மட்டும் அத்தையுடையது.)

அத்தை என்றால் என் மாமியார், சரோஜா. இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் நாற்று நட்ட வயல். எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு அம்மன் கோயில். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூழ் ஊற்றுவார்கள். வருஷத்துக்கு ஒரு வீடு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அத்தனை வருஷமும் நிலம் வைத்திருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் என்று பெரிய வீடுகளே எடுத்தன. அந்த வருஷம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர் அத்தை. ஒரு தடவையாவது கரண்டி பிடித்து ஊற்றும் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது. கூட்டம் சேர்ப்பது என் பொறுப்பு அத்தை, நீங்கள் கவலையே படக்கூடாது என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. மைக் செட் தனசேகர் அண்ணன் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு முதல் நாள் சாயங்காலம் எல்லாத் தெருவிலும் சொல்லிக்கொண்டு போவார். வெயில் இருக்கிறதோ இல்லையோ கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். தன் குரலில் அவருக்கு இருக்கும் நம்பிக்கை பெரிய பாடகர்களுக்குக்கூட இருக்காது. அவர் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, எத்தனை மணிக்குச் சுற்ற வேண்டும் என்று கேட்டார். இந்த வருஷம் வேண்டாம் அண்ணா, எல்லாம் ஆன்லைனிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் கண்ணாடி கழற்றி யாரும் பார்த்ததில்லை என்று பிறகு பாபு சொன்னார்.

எனக்கு யோசனை சொன்னது ஆபீசில் பக்கத்து சீட் ஷாலினி. இந்த விஷயங்களில் அவள் எனக்குக் குரு. நான் அழகாக ஒரு போஸ்டர் செய்து காட்டினேன். அம்மன் படம், தேதி, கிழமை, நேரம், இடம் எல்லாம் இருந்தது. ஷாலினி உதட்டைப் பிதுக்கினாள். போஸ்டர் போட்டால் அந்த ஆப் சீந்தாதாம். அதற்கு மனுஷ முகம் வேண்டும், பேச்சு வேண்டும், ஏதாவது கொதிக்க வேண்டும். அதுவும் அன்றைக்குக் காலையில் சுடச்சுடப் போட்டால்தான் பத்து நிமிஷத்தில் அக்கம்பக்கம் முழுக்கப் பரப்பிவிடும். தேதியெல்லாம் எழுதினால் பழைய சரக்கு என்று நினைத்துக்கொள்ளும். இத்தனையும் அவள் சொல்ல, பர்ச்சேஸில் ஒரு போல்ட் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும் நான், ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்த கேழ்வரகு மாவு, நொய்யோடு சேர்ந்து அண்டாவில் கொதிக்கிறது. அத்தை மஞ்சள் புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு துடுப்பு போட்டுக் கிளறுகிறார். நான் கைப்பேசியை நீட்டி, சும்மா கூப்பிடுங்க அத்தை என்றேன். அவர் வெட்கப்படவே இல்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்:

"இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு நூம்பல் அம்மன் கோயில் தெருவுல எங்க ஊட்டுக் கூழு. எல்லாரும் ஏனம் எட்த்துக்கினு வந்துருங்க. வராட்டி நான் கோச்சிக்குவேன்."

அதை அப்படியே ஏற்றினேன். ஷாலினி ஆபீஸ் போனிலிருந்தும் சொந்த போனிலிருந்தும் இதயம் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தலில் இருந்தவர்கள்: அத்தை, பாபு, நான், பூசாரி, அப்புறம் தெருவில் வழக்கமாகத் திரியும் ஒரு பசு. எங்கள் தெருக்காரர்கள் சிலர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். மூன்று அண்டாவில் ஒன்று கால்வாசிகூடக் குறையவில்லை. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, நறுக்கி வைத்த சின்ன வெங்காயம் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஆப்பைத் திறந்தேன். முதலில் ஒரு கார்பெட். அடுத்தது இன்னொரு கார்பெட். அதைத் தள்ளிவிட்டு என் வீடியோவுக்குப் போய்ப் பார்த்தால், மலேசியாவிலிருந்து ஒருவர் 'அம்மா சூப்பர்' என்று எழுதியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், கூழுக்கு மோர் மிளகாய் உண்டா என்று கேட்டிருந்தார். நூம்பலில் ஒரு ஜீவனுக்கும் அது போகவில்லை.

அதைவிடக் கொடுமை வேறு இருந்தது. பின் தெருக் கோயிலிலும் அன்றுதான் கூழ். அவர்களுக்குத் தனசேகர் அண்ணன் மைக்கில் சொல்லியிருந்தார். (வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னதாகக் கேள்வி.) அங்கே வாங்கியவர்கள் நிறைந்த தூக்கோடு எங்கள் பந்தலைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்குப் போனார்கள். அதில் மல்லிகா அக்காவும் ஒருவர். நான் எது போட்டாலும் லைக் போடும் பின் தெரு அக்கா அவர். எங்கள் அண்டாக்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா வித்யா, உங்குளுக்கும் இன்னிக்குத்தானா? சொல்லவேல்ல?"

"வீடியோ போட்டேனே அக்கா."

"என் போன்ல வர்லியே. எனுக்கு ஒரு வாரமா தர்பூசணிய மயிலு மாதிரி வெட்றதுதான் வந்துகினு கீது."

அத்தை ரொம்ப நேரம் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை அண்டா விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, "கூழு நல்லாத்தான் வந்து கீது" என்றார். எனக்கு அழுகை வந்தது. மிச்சத்தில், கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பையன்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு சொம்பு குடித்தார்கள். மற்றதெல்லாம் பக்கத்து மாட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. ராத்திரி அத்தை கேட்டார், அந்த ஆப்பில் யாருக்குக் காட்டுவது என்று முடிவு பண்ணுகிறவன் யார் என்று. ஆள் கிடையாது அத்தை, அல்காரிதம் என்று ஒன்று, அதுவே முடிவு பண்ணும் என்று விளக்கினேன்.

"எவனா இருந்தா இன்னா," என்றார் அத்தை. "என் மூஞ்ச மலேசியாவுல காட்டுறான், பின் தெருவுல காட்ட மாட்டேன்றான். நல்லா இருப்பானா அவன்."

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் சோகக் கதை. புதன்கிழமை மத்தியானம், ஆபீசில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் பாபுவிடமிருந்து போன். அவருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், வீட்டில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"வித்யா, ஊட்டாண்ட கூட்டம் கீது."

"என்ன கூட்டம்?"

"கூழுக்கு."

டப்பாவை மூடிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அயனம்பாக்கம் வழியாக எப்படி வந்தேன் என்று தெரியாது. எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையவில்லை. வேலப்பன்சாவடி காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர்களில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் பக்கத்து வீட்டு மாமியும் இருந்தார். பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்திருந்தது. குமணன்சாவடி சிக்னலிலேயே அரை மணி நேரம் போயிற்று, கூழ் தீர்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார்கள். எல்லோர் கையிலும் தூக்கு, சொம்பு என்று ஏதாவது ஒரு ஏனம். எல்லோர் போனிலும் மஞ்சள் புடவையில் அத்தை, 'இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு' என்கிறார். மூன்று நாள் தூங்கிவிட்டு, அந்த ஆப் அப்போதுதான் கண்விழித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் வீடியோவைக் காட்டியிருக்கிறது. அத்தை முகம் பொய் சொல்லும் முகம் இல்லை, அவர்கள் வந்ததில் தப்பே இல்லை.

நிஜ அத்தை நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் காலேஜ் பெண்கள் 'கூழ் அம்மா, கூழ் அம்மா' என்று சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் முன்னால் போய், மன்னிக்க வேண்டும், கூழ் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது, இது பழைய வீடியோ என்று விளக்கினேன். ஒரு பெரியவர், அப்படியானால் அந்தம்மா ஏன் இன்றைக்கு என்று சொன்னார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரைச் சமாளிப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"ஏனத்தோட வந்தவங்கள வெறும் ஏனத்தோட அனுப்பக் கூடாது. நான் நின்னு கீறேன் அந்த மாதிரி, எனுக்குத் தெரியும்."

மாவு கரைத்துப் புளிக்காமல் கூழ் இல்லை. அதனால் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து, நாளைக்குக் கட்டாயம் கூழ் உண்டு என்று அத்தை சொல்லி அனுப்பினார். பாபு குமணன்சாவடிக்கு ஓடிப் போய்க் கேழ்வரகு மாவு வாங்கி வந்தார். நான் அந்த வீடியோவை அழித்தேன். அழித்து என்ன செய்ய? யார் யாரோ அதை எடுத்து, பின்னால் புல்லாங்குழல் இசை சேர்த்து, 'ஒரு தாயின் அழைப்பு' என்று தலைப்புப் போட்டுத் தங்கள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூழ் தீர்ந்துவிட்டது, யாரும் வர வேண்டாம் என்று நான் போட்ட அறிவிப்பை நாலு பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் ஷாலினி.

இங்கேதான் என் மேதைமையின் உச்சத்தைச் சொல்ல வேண்டும். மோர் குடித்துப் போனவர்களுக்கு நினைவூட்டலாமே என்று, அத்தையை நிற்க வைத்து, 'நாளைக்கு பன்னெண்டு மணிக்குக் கூழு' என்று இன்னொரு வீடியோ எடுத்துப் போட்டேன். ஆமாம், தேதி போடவில்லை. இந்தத் தடவை ஆப்புக்கு எங்கள்மேல் என்ன பிரியமோ, மறுநாளே காட்டியது. மறுநாள் பார்த்தவர்களுக்கு 'நாளைக்கு' என்றால் அதற்கு அடுத்த நாள். ஆக வியாழக்கிழமை ஒரு கூட்டம், வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் படம் எடுத்தவர்கள் போட்ட வீடியோவைப் பார்த்துச் சனிக்கிழமைக்கு ஆள் வரும் என்பது எனக்கே புரிந்துவிட்டது. நான் லீவு கேட்டபோது மேனேஜர் காரணம் கேட்டார். கூழ் என்றேன். போன ஞாயிறே முடிந்திருக்குமே என்றார்.

அத்தையைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளும் அதே மஞ்சள் புடவை, கையில் கரண்டி. வரிசை மெயின் ரோடு வரை நின்றது. பின் தெருக்காரர்களும் அதில் நின்றார்கள். மல்லிகா அக்கா வீட்டிலிருந்து மாவும் வெங்காயமும் கொண்டுவந்து, அத்தை பக்கத்தில் நின்று கீரை பரிமாறினார். ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டுத்தான் அத்தை ஊற்றினார். வரிசை நகராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். என் மானம் கப்பலேறிய அதே தெருவில், அவர் ஒரு வாழ்நாள் ஆசையை மூன்று அண்டா, மறுபடி மூன்று அண்டா என்று தீர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

ஆனால் எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனசேகர் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் கண்ணாடியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆன்லைனில் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தங்கச்சிதானே என்று கேட்டார். ஆமாம் அண்ணா என்றேன். டீயை முழுசாகக் குடித்து முடித்தார். இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்தார். பிறகு எழுந்து ஆட்டோவில் குழாயைக் கட்டினார். அன்று அவர் நூம்பல், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி எல்லாம் சுற்றி, அம்மன் கோயில் கூழ் இத்துடன் இனிதே நிறைவுற்றது, மறுபடி கூழ் எப்போது என்று தானே வந்து சொல்வதாக, தன் பெயரையும் இரண்டு தடவை சேர்த்து, ஊருக்கு அறிவித்தார். சனிக்கிழமை ஒரு ஈ காக்கை வரவில்லை. அன்று சாயங்காலம் தனசேகர் அண்ணன் வந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என் மைக்குல இன்னிக்குன்னு சொன்னா இன்னிக்கே கேக்கும், தங்கச்சி."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எந்த நாளையும் நிம்மதியாகச் சொல்ல முடிவதில்லை. இன்றைக்கு வடை சுடுகிறேன் என்றால், அதிகம் பேசாத பாபு, எந்த இன்றைக்கு என்று கேட்பார். நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால், அத்தை மாவைக் கரைக்கட்டுமா என்பார். தங்கை வீட்டு விசேஷப் பத்திரிகையில் தேதிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு எனக்கென்று தனியாக அனுப்புகிறாள்.

அந்த வீடியோ சாகவில்லை. ஆடி பிறந்தால் எங்கிருந்தாவது கிளம்பி வரும். கோயில்காரர்கள் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்குப் பிறகு வரும் புதன்கிழமையும் ஒரு கூழ் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஞாயிறு யார் வீட்டு முறையாக இருந்தாலும் புதன்கிழமை மட்டும் எப்போதும் எங்கள் வீட்டுக் கூழ், அத்தை கையால். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் இது காலங்காலமாக நடக்கும் வழிபாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை.

போன மார்கழியில் ஒரு நாள், நான் வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். குளிருக்கு மப்ளர் சுற்றிய ஒருவர் கையில் தூக்கோடு கேட் அருகே நின்றார். திருவேற்காடு பக்கம் ஏதோ கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன் வேலையாம். போனில் பார்த்தாராம், இன்றைக்குக் கூழ் என்று. பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப்போவோமே என்று முன்னாடியே வந்துவிட்டாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, அய்யா, அது எந்த வருஷத்து இன்றைக்கோ என்று விளக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் அத்தை வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"அது எந்த இன்னிக்கா இருந்தா இன்னா? அவுரு இன்னிக்குத்தானே வந்து கீறாரு. உள்ள வா நைனா, பொங்கல் கீது."

அவர் தூக்கை அத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆபீசில் போய் உட்கார்ந்ததும் நான் ஆப்பைத் திறந்தேன். கார்பெட்தான். இந்தத் தடவை அடியில் பச்சை.